ஓடைக்குள் தள்ளிய மல்ச்சிங் ஷீட்: யார் மீது வழக்குப் போடுவது?

கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஓடையோரம் அவர்கள் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் நிலம். கிணறு ஓடையிலிருந்து நாற்பது அடி தள்ளி இருக்கிறது. மேற்புறத்து நிலத்தில் பெரும்பகுதி அவருடைய கொழுந்தனாருக்குச் சொந்தம். மூன்று ஆண்டுகளாக வெளியூர்க்காரர் இருவர் அதைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளியும் குடைமிளகாயும் போடுகிறார்கள். பயிர் முடிந்ததும், செடிக்கடியில் மண்ணை மூட விரித்துக் கிழிந்துபோன பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டையும் பழைய சொட்டுநீர்க் குழாய்களையும் ஓடைக்குள் தள்ளிவிடுகிறார்கள். மருந்து கலப்பதும் ஸ்பிரேயர் கழுவுவதும் அதே ஓடையில்தான். கரையிலேயே கோழி எருவைக் குவித்து வைக்கிறார்கள். இந்த ஆண்டு சித்திரையில் பெய்த முதல் கோடை மழைக்கு மறுநாள் ஓடைக் குட்டையில் மீன்கள் செத்து மிதந்தன. அடுத்த வாரம் அந்தத் தண்ணீரைக் குடித்த இரண்டு ஆடுகள் இறந்தன.

கிணற்று நீரைச் சோதித்ததில் 'குடிக்க உகந்தது' என்று அறிக்கை வந்தது. 'விவசாயிகள் மீது மாசுச் சட்டம் செல்லாது' என்றார் அதிகாரி ஒருவர். 'இருபது வருடமாக ஊரே இந்த ஓடையில்தான் மருந்து கலக்குகிறது' என்கிறார் குத்தகைக்காரர். 'நாமும்தானே ஷீட் போடுகிறோம், சொந்தத்துக்குள் கேஸ் எதற்கு' என்கிறார் கணவர். சகோதரி கோபத்தில் குத்தகைக்காரரின் பெயரையும் படத்தையும் போட்டு, 'விஷம் வைத்துக் கொல்கிறார்' என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார். யார் மீது வழக்குப் போடுவது, நஷ்டஈடு கிடைக்குமா, நான்கு வயது மகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் கொடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மகளுக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரை இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். வாரம் இரண்டு முறை ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து மூடி வையுங்கள். கிணற்று நீரைக் காய்ச்சினால் போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் பூச்சிமருந்து அகன்றுவிடும் என்று நம்ப முடியாது. நைட்ரேட் போகாது என்பதோடு, நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையின் நகலை நிதானமாகப் படித்தேன். கலங்கல், கரைந்த உப்புகள், கடினத்தன்மை, புளூரைடு, இரும்பு, நைட்ரேட், கிருமி என்று வரிகள் இருக்கின்றன. பூச்சிக்கொல்லி என்று ஒரு வரிகூட இல்லை. அதாவது, மருந்து இல்லை என்று அந்தத் தாள் சொல்லவில்லை. மருந்தை யாரும் தேடவே இல்லை. 'உகந்தது' என்ற முத்திரை, சோதித்த வரிகளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த வரிகளிலும் ஒன்று என்னை நிறுத்தியது. நைட்ரேட் லிட்டருக்கு 38 மில்லிகிராம் என்று இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவு 45. வரம்புக்குள் இருக்கிறது என்பது உண்மைதான், ஆனால் நீங்கள் நீர் எடுத்தது மழைக்கு முன்பு, மாசி மாதத்தில். கரையில் கோழி எருவும் மேற்புறத்தில் யூரியாவும் இருக்கும்போது, மழைக்குப் பிறகு அந்த எண் அங்கேயே நிற்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (2012) சில பூச்சிக்கொல்லிகளுக்குத் தனித்தனியே வரம்பு வைத்திருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குளோர்பைரிபாஸ் 30 மைக்ரோகிராம் என்று போகும் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் பழைய மருந்துகள்தான் இருக்கின்றன. இன்று தக்காளிக்கும் மிளகாய்க்கும் சாறுறிஞ்சும் பூச்சிக்காக அடிக்கும் இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சம் போன்றவை அதில் இல்லை. அவை தண்ணீரில் நன்றாகக் கரைபவை. மண்ணில் அதிகம் ஒட்டாமல் மழையோடு ஓடைக்கு வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018இல் தடை விதித்தது, முக்கியமாகத் தேனீக்களுக்காக. நம் பட்டியலில் பெயர் இல்லாத மருந்துக்கு 'வரம்பு மீறல்' என்று எந்த ஆய்வகமும் எழுதித் தராது. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடித்துக்கொள்ளப் போகும் இடம் இதுதான்.

விவசாயிக்குச் சட்டம் பொருந்தாதா?

அந்த அதிகாரி சொன்னதில் பாதி உண்மை. பூச்சிக்கொல்லிச் சட்டம், 1968இன் 38ஆம் பிரிவு, தன் சாகுபடியில் உள்ள நிலத்தில் ஒருவர் மருந்து பயன்படுத்துவதற்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்குத் தருகிறது. குத்தகைக்காரருக்கும் இது பொருந்தும். காலிப் பாட்டிலையும் கழுவிய நீரையும் நீர்நிலை கெடாமல் அப்புறப்படுத்த வேண்டும் என்று அச்சட்டத்தின் 1971ஆம் ஆண்டு விதிகளில் 44ஆம் விதி சொல்கிறது. ஆனால் அது குறிவைப்பது உற்பத்தியாளர்களையும் தொழில்முறையாக மருந்து தெளிப்பவர்களையும்தான். தன் வயலுக்கு மருந்து அடிப்பவரை அதைக் காட்டி மடக்குவது கடினம்.

மீதிப் பாதி தவறு. நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974 விவசாயிக்கு அப்படி விலக்கு எதையும் தரவில்லை. அதன் 24ஆம் பிரிவு, தெரிந்தே நஞ்சையோ மாசையோ ஓடையிலும் கிணற்றிலும் சேர விடக் கூடாது என்கிறது. நீரோட்டத்தைத் தடுத்து மாசைப் பெருக்கும் எந்தப் பொருளையும் ஓடையில் போடக் கூடாது என்று அதே பிரிவு தனியாகவும் சொல்கிறது. உங்கள் மல்ச்சிங் ஷீட் வருவது இந்த இரண்டாவது பகுதியில். இதற்கு மைக்ரோகிராம் கணக்கு தேவையில்லை, கண்ணால் பார்த்தே நிரூபிக்கலாம். 'கோடையில் வறண்டுகிடக்கும் பள்ளம்தானே' என்று யாராவது சொன்னால், தற்காலிகமாக வறண்டிருக்கும் நீர்வழியும் ஓடைதான் என்று அச்சட்டத்தின் விளக்கப் பிரிவே சொல்கிறது.

அதைவிடப் பழைய உரிமை ஒன்றும் உங்களுக்கு இருக்கிறது. தன் நிலத்தின் வழியே இயற்கையாக ஓடிவரும் நீரும் ஊறிவரும் நீரும் வந்து சேர்வதற்கு முன்பே பிறரால் நியாயமற்ற முறையில் மாசுபடாமல் இருப்பது ஒவ்வொரு நில உரிமையாளரின் உரிமை என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 7ஆம் பிரிவில் எடுத்துக்காட்டாகவே எழுதிவைத்திருக்கிறது. குத்தகைக்காரரின் இருபது வருட வாதத்துக்கும் அதே சட்டத்தில் விடை உண்டு. மாசுபடுத்தும் உரிமையை நீண்டகால வழக்கத்தால் பெற்றதாகச் சொல்வதென்றால், அந்த இருபது ஆண்டு, கீழ்நிலத்துக்குப் பாதிப்பு கண்கூடாகத் தெரிந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். அவர் வந்தே மூன்று ஆண்டு ஆகிறது. ஊர் முழுவதும் ஒரு தவறைச் செய்வது அவருக்கு உரிமைப் பத்திரம் ஆகிவிடாது.

எது யாருடையது என்று பிரியுங்கள்

உங்கள் கடிதத்தில் மீன், ஆடு, ஷீட், பாட்டில், எரு எல்லாம் ஒரே குற்றச்சாட்டாக இருக்கின்றன. உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் வழக்கு அப்படி நிற்காது. தோல் தொழிற்சாலைகளால் பாலாறு கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையை நம் சட்டத்தின் பகுதியாக அறிவித்தது. அங்கே தொழிற்சாலைக்கு முகவரி இருந்தது. வயல்களிலிருந்து மழையோடு வடிந்து வரும் மருந்துக்கு முகவரி கிடையாது. இருபது கொல்லைகளின் நீர் ஒரே ஓடையில் கலக்கிறது, அவற்றில் உங்களுடையதும் ஒன்று. எனவே கைகாட்டக் கூடியவற்றை முதலில் தனியே எடுங்கள்: ஓடைக்குள் தள்ளிய ஷீட், ஓடையில் கழுவிய ஸ்பிரேயர், கரையில் குவித்த எரு. இந்த மூன்றுக்கும் ஆள் உண்டு, இடம் உண்டு, தேதி உண்டு.

மீன்கள் மருந்தால்தான் செத்தன என்று உறுதியாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி இருக்கலாம். ஆனால் முதல் மழையில் கோழி எரு மொத்தமாகக் குட்டைக்குள் இறங்கினால், அது அழுகும்போது நீரில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்தும் மீன் சாகும். அப்படியானால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்கள் முதலில் சாகும். மருந்து என்றால் நண்டும் நீர்ப்பூச்சிகளும் சேர்ந்தே செத்திருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் அன்று எடுத்த படங்களை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். எந்தக் காரணமானாலும் பொறுப்பு மேற்புறத்தில்தான் இருக்கிறது, ஆனால் மனுவில் தவறான காரணத்தை எழுதினால் நல்ல வழக்கும் சரிந்துவிடும். ஆடுகளுக்குப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்துவிட்டீர்கள். இனி கால்நடை எதுவும் இறந்தால், புதைக்கும் முன் அரசு கால்நடை மருத்துவரை அழைத்து, இரைப்பை மாதிரியோடு எழுத்துமூலம் அறிக்கை வாங்குங்கள்.

நீங்கள் அனுப்பிய பதினோரு படங்களில் இரண்டு மிகவும் பயன்படும். ஒன்றில், கோரைப்புல் வேரில் சுற்றிக்கொண்ட ஷீட்: மேலே வெள்ளி நிறம் உரிந்து, அடியிலிருந்த கறுப்பு மட்டும் சல்லடைபோல நிற்கிறது. பின்னால் நீர் தேங்கியிருப்பதும் தெரிகிறது. நீரோட்டம் தடைபடுவதற்கு அதுவே சாட்சி. இன்னொன்றில் மருந்துப் பாட்டில்: மஞ்சள் முக்கோணமும் அதன் பக்கத்தில் தொகுதி எண்ணும் தயாரித்த மாதமும் படிக்க முடிகிறது. மஞ்சள் என்றால், சிவப்புக்கு அடுத்தபடியாகக் கடும் நஞ்சு என்று பொருள். தொகுதி எண் இருந்தால் எந்தக் கடைக்குப் போன சரக்கு என்று வேளாண் துறையால் தேட முடியும். லேபிள் கழுவிப்போன பாட்டில்களை எத்தனை படம் எடுத்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.

பிளாஸ்டிக் துகள்கள் உங்கள் குடும்பத்துக்கு நோய் வரவழைத்துவிட்டன என்று மனுவில் எழுத வேண்டாம். இருபத்தைந்து, முப்பது மைக்ரான் ஷீட் வெயிலில் நொறுங்கி மண்ணிலும் நீரிலும் கலப்பது உண்மை. உலக அளவில் பயிரும் கால்நடையும் ஆண்டுக்கு 1.25 கோடி டன் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துவதாக ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2021இல் சொன்னது. ஆனால் இந்தத் துகளால் இந்த உடலுக்கு இந்தக் கேடு என்று ஒரு தனி வழக்கில் நிரூபிப்பது இன்று மிகக் கடினம். கண்ணுக்குத் தெரிகிற ஷீட்டை அகற்றும் உத்தரவு உங்களுக்குக் கிடைக்கும். அதைக் கேளுங்கள்.

அடுத்த நல்ல மழை பெய்யும் நாளில் நீர் மாதிரி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், கருங்கண்ணாடிப் பாட்டில் வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, பூச்சிக்கொல்லி எச்சம் பார்க்கும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உடனே போக வேண்டும். எந்தெந்த மருந்தைத் தேட வேண்டும் என்று பெயர் எழுதிக் கொடுங்கள், இல்லையென்றால் பழைய பட்டியலையே பார்த்துத் தருவார்கள். ஓடை மேலே நுழையும் இடம், எருக் குவியலுக்குக் கீழே, உங்கள் எல்லை என மூன்று இடங்களில் எடுத்தால்தான் எங்கே சேர்ந்தது என்று தெரியும். அடிச் சேற்றிலும் எடுங்கள். குளோர்பைரிபாஸ் போன்றவை தண்ணீரைவிடச் சேற்றில்தான் ஒட்டிக்கிடக்கும். இருந்தாலும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி எடுத்த மாதிரிக்குத்தான் நீதிமன்றத்தில் எடை அதிகம். நீங்கள் எடுப்பது அவரை வரவழைப்பதற்கான ஆதாரம்.

எங்கே போவது, எந்த வரிசையில்

முதலில் எழுத்துமூலமான புகார். ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கும் சார் ஆட்சியருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சார் ஆட்சியருக்கு ஏன் என்றால், பொதுமக்கள் பயன்படுத்தும் நீர்வழியில் உள்ள தடையையும் தொல்லையையும் அகற்ற உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாகியிருக்கிறது. ஷீட்டை அகற்றுவதற்கு இதுவே குறுகிய வழி. ஓடை புறம்போக்கு என்பதைக் காட்டும் புலப்பட நகலை இணையுங்கள். புகார் போனதும் குவியலை அங்கேயே கொளுத்திவிடப் பார்ப்பார்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பதை, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கான தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே தடை செய்திருக்கிறது என்பதையும் புகாரில் குறிப்பிடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால், என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். கிராமத்தில் பிளாஸ்டிக் கழிவைச் சேகரிக்கும் பொறுப்பு 2016ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிப்படி ஊராட்சிக்கு இருக்கிறது. மண் ஒட்டிய ஷீட்டைப் பழைய பொருள் வாங்குபவர்கள் தொட மாட்டார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொண்டுபோய்ப் போட இடமில்லாததும் ஓடைக்குள் தள்ளுவதற்கு ஒரு காரணம்தான். அக்டோபர் 2 கூட்டத்தில், யார் பெயரையும் சொல்லாமல், ஷீட்டும் காலிப் பாட்டிலும் சேகரிக்க ஓர் இடமும், ஓடையில் மருந்து கலக்கத் தடையும் கேட்டுத் தீர்மானம் கொடுங்கள். முகவரி இல்லாத மாசுக்கு வழி இங்கேதான் பிறக்கும். நீதிமன்றத்தால் இருபது கொல்லைக்காரர்களை நாள்தோறும் கண்காணிக்க முடியாது.

அடுத்தது சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. காலக்கெடுவைக் கவனியுங்கள். மாசை நிறுத்தும் உத்தரவு கேட்பதற்கு, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் அறுபது நாள். நஷ்டஈட்டுக்கும் ஓடையைச் சீரமைக்கவும் ஐந்து ஆண்டு. மீன் செத்தது சித்திரையில், இப்போது புரட்டாசி. ஷீட் கொட்டத் தொடங்கி மூன்று ஆண்டாகிறது என்று எதிர்த்தரப்பு வாதிடவும் கூடும். ஆகையால் நஷ்டஈடும் சீரமைப்பும் கேட்கும் மனுவே உங்களுக்குப் பத்திரமானது. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் ஆயிரம் ரூபாய், கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒரு ரூபாய். வக்கீல் கட்டணத்துக்கு அஞ்ச வேண்டாம். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எதுவானாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

வாட்ஸ்அப் பதிவை இன்றே நீக்குங்கள். 'விஷம் வைத்துக் கொல்கிறார்' என்ற வரி உங்கள் மீது அவதூறு வழக்குப் போட அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. படங்கள் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும்.

உங்கள் கணவர் சொன்னதை நான் தள்ளவில்லை. உங்கள் நிலத்தில் மிச்சமிருக்கும் ஷீட்டைச் சுருட்டி எடுத்து, எங்கே வைத்தீர்கள் என்று தேதியோடு படம் எடுங்கள். ஓடையில் உங்கள் ஸ்பிரேயரையும் கழுவாதீர்கள். அவர்கள் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பார்கள். ஆனால் நாமும் ஷீட் போடுகிறோம் என்பதால் ஓடையில் கொட்டுவதைக் கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. ஷீட் போடுவது குற்றம் இல்லை, அதை ஓடைக்குள் தள்ளுவதுதான் குற்றம்.

சொந்தத்துக்குள் கேஸ் எதற்கு என்ற கேள்விதான் இவற்றிலேயே கடினம். நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மாசு செய்தவரோடு, தெரிந்தே அதற்கு இடம் கொடுத்தவரையும் சேர்த்துப் பேசுகிறது. நில உரிமையாளர் என்ற முறையில் உங்கள் கொழுந்தனாரும் எதிர்மனுதாரராக வர நேரிடும். அது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். புகார் அனுப்பும் முன் நீங்களும் உங்கள் கணவரும் அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியும் இருக்கும்போது, இதை எடுத்துச் சொல்லுங்கள். மிரட்டலாக வேண்டாம், அவருக்குச் சட்டத்தில் உள்ள ஆபத்தாகச் சொல்லுங்கள். குத்தகை தை மாதம் புதுப்பிக்கப்படும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: 'பயிர் முடிந்த பதினைந்து நாளுக்குள் மல்ச்சிங் ஷீட், சொட்டுநீர்க் குழாய், மருந்துப் பாட்டில் அனைத்தையும் குத்தகைதாரர் தன் செலவில் நிலத்திலிருந்தும் ஓடையிலிருந்தும் அகற்ற வேண்டும். ஓடையிலோ அதன் கரையிலோ மருந்து கலப்பதும் எரு குவிப்பதும் கூடாது. தவறினால் முன்பணத்தில் பாதி திருப்பித் தரப்பட மாட்டாது.' அவர் ஒப்புக்கொண்டு, இப்போது ஓடையில் கிடப்பதையும் ஐப்பசி மழைக்கு முன் எடுக்க வைத்தால், தீர்ப்பாயம் வரை போகாமலே உங்களுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். மறுத்தால், பேசிய நாளையும் அவர் சொன்ன பதிலையும் அன்றே எழுதிவைத்துவிட்டு, மறுநாள் இரண்டு புகார்களையும் தபாலில் சேருங்கள்.